பாம்புக்காதுக்காரி தோண்டிய காய்ந்த பள்ளம்

“டொக்... டொக்... டொக்...”

சத்தம் சமையலறையிலிருந்துதான் வந்தது. படுக்கையறையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவள் தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, குழாய் இன்னும் சொட்டுதுங்க!”

“சொட்டலம்மா!” என்று பதில் வந்தது. பேருந்தின் பின்படியில் நின்றுகொண்டு முன்படி வரைக்கும் கத்திப் பழகிய குரல். அவள் கணவர் கண்டக்டர். “அடியில கிண்ணம் வச்சுப் பாத்துட்டேன். கிண்ணத்துல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல!”

“இல்லைங்க. எனக்குக் கேக்குது.”

அந்த வீட்டில் அதற்குமேல் வாதம் கிடையாது. அவள் ‘எனக்குக் கேக்குது’ என்று சொல்லிவிட்டால் மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு அது. கண்டக்டர் பெருமூச்சு விட்டார். ஸ்பேனரை எடுத்தார். எழுந்ததிலிருந்து ஏற்கெனவே கழற்றி மாட்டிய அந்த நல்ல குழாயை மறுபடியும் கழற்ற ஆரம்பித்தார். பக்கத்தில் அவர்களுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், வீட்டில் எல்லோருக்கும் வாலு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டார்ச் பிடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து சளியைக் கொண்டுவந்து அம்மாவுக்குத் தாராளமாகப் பங்கு கொடுத்தவள் அவள்தான்.

“அப்பா, குழாய் அழுவுதாப்பா?”

“குழாய் அழுவலடா கண்ணு. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் அழுவேன்.”

படுக்கையில் இருந்தவள் எழுந்தாள். தலை கனத்தது. இடது காதுக்குள் யாரோ பஞ்சைத் திணித்து, அதற்குப் பின்னால் ஒரு நெருப்புக்குச்சியையும் கொளுத்தி வைத்தது மாதிரி இருந்தது. ஆனாலும் முகத்தைக் கழுவி, சீருடையை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த தன் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். வேலைக்குப் போக வேண்டும். ஊரே தூங்கி எழுவதற்குள் கேட்டாக வேண்டிய சத்தங்கள் அவளுக்காகக் காத்திருந்தன.

அவளுடைய வேலை என்னவென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தெருவைக் காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. பூமிக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் எங்காவது விரிசல் விட்டால் மேலே ஒன்றும் தெரியாது. தார்ச்சாலை சமர்த்தாகப் படுத்திருக்கும். உள்ளே மட்டும் தண்ணீர் மண்ணோடு போய்க்கொண்டே இருக்கும். கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கிண்ணம் போல வளைந்த மறுமுனையில் காதை வைத்துக் கேட்டால், கசிவு இருக்கிற இடத்தில் ‘உஸ்ஸ்’ என்று ஓர் ஓசை வரும். வந்த இடத்தில் அவள் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவாள். பின்னால் வருகிற ஆட்கள் அங்கே தோண்டுவார்கள். தண்ணீர் இருக்கும். எப்போதும் இருந்திருக்கிறது.

இந்த வித்தையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது வயதில் அவள் மண் சுமக்கும் ஆளாகத்தான் குடிநீர்த் துறையில் சேர்ந்தாள். ஒருநாள் களைப்பில், தரையில் குத்தி நின்ற கடப்பாரையின் உச்சியில் காதைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். சட்டென்று நிமிர்ந்து, “நீங்க தோண்டற இடத்துல இல்லண்ணே. இங்க இருக்கு” என்றாள். சிரித்தார்கள். தோண்டினார்கள். சிரித்தவர்கள் முகத்திலேயே தண்ணீர் பீய்ச்சியது. அன்றைக்கு வைத்த பெயர்தான் பாம்புக்காது.

கல்யாணம்கூடப் பள்ளத்தால் வந்ததுதான். அவள் குறி போட்டுத் தோண்டிய ஒரு பள்ளத்தில் ஒரு பேருந்தின் சக்கரம் இறங்கிவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து, “எந்தப் புண்ணியவான் இங்க தோண்டினது?” என்று கத்தினார். “புண்ணியவதி” என்று திருத்தினாள் அவள். பேருந்தை மேலே தூக்கி எடுப்பதற்குள் அவர் உள்ளே விழுந்துவிட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் காலைக்கு வருவோம். நகரின் ஒரு மேட்டுத் தெருவில் சில நாட்களாகத் தண்ணீர் ஏறவில்லை. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். துறையின் சூப்பர்வைசர் வழக்கம்போலப் புறப்படுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேசினார். நல்ல மனிதர், தங்கமான மனிதர். ஆனால் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களின் தாடை தானாகத் திறந்துகொள்ளும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கொட்டாவி சார் என்று பெயர். பேச்சு முடிந்ததும் அவள் தெருவின் அடியிலிருந்து கம்பியை ஊன்றி ஊன்றி ஏறினாள். கீழே ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஏற ஏறக் கேட்டது. உஸ்... டொக். உஸ்... டொக்.

விசித்திரமாகத்தான் இருந்தது. கசிவு என்பது ஒரே இழுப்பாக இரையும், இப்படி விட்டு விட்டு அடிக்காது. பம்பு அடிக்கிற அடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேட்டின் உச்சியில், மூச்சு வாங்க நின்று ஊன்றிய இடத்தில், சத்தம் இடியாக இடித்தது. குனிந்து பெருக்கல் குறி போட்டாள்.

அது ஒரு வீட்டு வாசல். அந்த வீட்டுக்காரர் நாளெல்லாம் பால்கனியில் நின்று தெருவுக்கு வர்ணனை சொல்கிறவர்.

“ஏம்மா, நேத்துதான் வாசலுக்குச் சிமெண்ட் போட்டேன். நல்லாக் கேட்டியா?”

“நான் கேட்டா கேட்டதுதாங்க. நகருங்க.”

தோண்டினார்கள். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், குழாயே தெரிந்துவிட்டது. குழாய் புதிதாகக் குளித்துத் துடைத்துக்கொண்ட குழந்தை மாதிரி மொழுமொழுவென்று கிடந்தது. சுற்றிலும் மண் தூசி பறந்தது. ஈரம் என்கிற பேச்சே இல்லை.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. “பாம்புக்காதுன்னாங்க! சரி, பாம்பாவது இருக்கா உள்ள?”

ஆட்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பாள். அவர்கள் மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சத்தம் நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தது. ஐயோ, அப்போதுதான் அவள் நெஞ்சில் அந்தப் பயம் வந்து உட்கார்ந்தது. என் காது போய்விட்டதா? வாழ்நாள் முழுக்க எனக்குச் சோறு போட்ட காது, என்னை நானாக ஆக்கிய காது, போயேவிட்டதா?

சாயங்காலம் கண்டக்டர் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். இளம் டாக்டரம்மா. கருவியைக் காதுக்குள் விட்டு மேசைமேல் இருந்த சின்னத் திரையில் காட்டினாள்.

“செவிப்பறை நல்லா இருந்தா முத்து மாதிரி வெளுப்பா, கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். உங்களோடது பாருங்க.”

திரையில் ஒரு தக்காளி தெரிந்தது. வெடிக்கப்போகிற தக்காளி.

“காய்ச்சல், வலி. சத்தம் ஏதாவது கேக்குதா?”

“குழாய் சொட்டுற மாதிரி கேக்குது டாக்டர். வீட்டுல கேட்டுச்சு. தெருவுல கேட்டுச்சு. இப்ப இங்கயும் கேக்குது. உங்க குழாயையும் பாக்கச் சொல்லுங்க.”

டாக்டரம்மா அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். “சத்தம் கேக்கற ஒவ்வொரு தடவையும் இடது கை விரலால மேசைல தட்டுங்க.”

அவள் தட்டினாள். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டாள். “சார், நீங்க இந்த நாடியைப் பிடிச்சுப் பாருங்க.”

கண்டக்டர் கூச்சத்தோடு மனைவியின் கையைப் பிடித்தார். டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தேய்ந்த கட்டைவிரலுக்கடியில் அவளுடைய நாடி துடித்தது. மேசையில் அவளுடைய விரல் தட்டியது. துடிப்பும் தட்டலும் ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“ஐயய்யோ! ரெண்டும் சேந்து அடிக்குது டாக்டர்!”

“குழாயும் இல்ல, ரோடும் இல்ல. உங்க ரத்த ஓட்டத்தை நீங்களே கேட்டுட்டு இருக்கீங்க. நடுக்காதுல நீர் கட்டிக்கிட்டதால வெளிச் சத்தம் உள்ள வரல. உள்ள இருக்கற சத்தம் பெருசாக் கேக்குது. மேட்டுல ஏறினா இதயம் வேகமா அடிக்கும், சத்தமும் கூடும்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “அப்ப என் நாடியக் கேட்டுட்டா அந்த மனுஷன் வாசலைத் தோண்டினேன்?”

கண்டக்டர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. “காலையிலேர்ந்து நான் குழாயைக் கழட்டினேனே, அது?”

“நீங்க பேசாதீங்க.”

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, காகிதத்தில் படம் போட்டுச் சொன்னாள். “மூக்குக்குப் பின்னாலேர்ந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது.”

குழாய் என்றதும் முகத்தை மூடியிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“காத்து போய் வர்றதுக்கான குழாய். சளி பிடிச்சதும் அது வீங்கி அடைச்சுக்கிச்சு. உள்ள காத்தழுத்தம் குறைஞ்சுபோச்சு. மூக்குக்குப் பின்னால சும்மா குடியிருந்த பாக்டீரியா உள்ள இழுபட்டுப் போயிடுச்சு.”

“பிரஷர் இல்லாத குழாய்க்குள்ள சாக்கடை புகுற மாதிரி.”

“அதேதான். நடுக்காதோட சுவத்துல இருக்கற செல்லுங்களுக்கு அது வெளியாளுன்னு தெரிஞ்சிடும். பாக்டீரியாவோட மேல்தோலே நம்மளுது மாதிரி இருக்காது. உடனே ரசாயனமா ஒரு தகவல் கிளம்பும்.”

“கம்ப்ளெயிண்ட் போயிடுச்சு” என்றார் கண்டக்டர்.

“ஆமா. அந்தப் பக்கம் இருக்கற ரத்தக் குழாய் எல்லாம் விரியும். அதான் அந்தச் சிவப்பு, அந்த டொக் டொக். அப்புறம் குழாயோட சுவரு கொஞ்சம் இளகும். அதுவழியா நீரும் வெள்ளையணுக்களும் வெளிய வரும்.”

“கசியுதா?”

“வேணும்னே கசிய விடுது.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்நாளெல்லாம் கசிவை விரட்டியவளிடம் சொல்கிற பேச்சா இது? “வேணும்னேயா? எங்க டிபார்ட்மெண்ட்ல பண்ணினா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க!”

“பண்ணலைன்னா ஆளுங்க உள்ள எப்படி வருவாங்க? முதல்ல வர்ற வெள்ளையணுக்கள் பாக்டீரியாவை அப்படியே விழுங்கும். சிலது தனக்குள்ள இருக்கற இழையை எடுத்து வலையா வீசி, கிருமியைச் சிக்க வச்சிட்டுச் செத்துப்போகும். செத்த அணு, செத்த கிருமி, நீர், எல்லாம் சேந்ததுதான் சீழ்.”

கண்டக்டரின் கண் கலங்கிவிட்டது. பேருந்தில் கிழவர்கள் பேத்திக்கு முத்தம் கொடுத்து வழியனுப்பினாலே கலங்குகிற கண் அது. “செத்தே போயிடுதுங்களா டாக்டர்?”

“ஆமா சார்.”

“பாவம். பென்ஷன்கூடக் கிடையாது.”

அவள் மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். “அப்ப இந்த வீக்கம், வலி எல்லாம்?”

“பெரும்பங்கு கிருமி பண்ணினது இல்ல. ரிப்பேருக்கு வந்த உங்க ஆளுங்க பண்ணினது. நடுக்காது ரொம்பச் சின்ன அறை. கூட்டம் ஜாஸ்தி. செவிப்பறை வெளிய தள்ளுது.”

“ஓவர்லோடு” என்றார் கண்டக்டர், புரிந்துகொண்ட பெருமையோடு.

அவளுக்குத் தான் தோண்டிய தெருக்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை தெருக்களில் எத்தனை பேர் அவளையும் அவள் ஆட்களையும் வைதிருக்கிறார்கள்! ரோட்டை நாசம் பண்ணிட்டீங்க, புழுதியாக்கிட்டீங்க, வண்டி போக வழியில்ல. கீழே உடைந்து கிடக்கிற குழாயை யாரும் திட்டியதில்லை. சரிசெய்ய வந்தவர்களைத்தான் திட்டுவார்கள். காலையிலிருந்து அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தன் காதைச் சபித்துக்கொண்டிருந்தாளே!

“காது திரும்பி வருமா டாக்டர்?”

“பெரும்பாலும் வந்துடும். மாத்திரை எழுதறேன், முழுசா முடிக்கணும், பாதில நிறுத்தக்கூடாது. அது கிருமியைக் குறைச்சுக் கொடுக்கும், மிச்ச வேலையை முடிக்கறது உங்க ஆளுங்கதான். ஆனா ஒண்ணு. கிருமி போன அன்னைக்கே காது திறந்துடாது. உள்ள தேங்கின நீர் வடியணும். வாரக்கணக்குல ஆகலாம்.”

பள்ளத்தை மூடினாலும் தார் போட நாளாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? தலையாட்டினாள். ஆனால் தார் போடுகிற வரைக்கும் அந்தத் தெருவில் வண்டி ஓடாதே என்பதும் தெரிந்தவள் அவள்.

மறுநாள் மதியம் வலி உச்சத்துக்குப் போனது. கண்டக்டர் டியூட்டிக்குப் போயிருந்தார். வாலு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பெரிய மனுஷி மாதிரி உச்சுக்கொட்டினாள்.

“எனக்குப் போன வருஷம் காது வலிச்சப்ப நான் அழவே இல்ல.”

“நீ அழுததுல மேல்வீட்டுக்காரங்க இறங்கி வந்தாங்கடி.”

“அது அவங்க சும்மா வந்தாங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதுக்குள் கேட்ட இடியை இந்த முறை திட்டவில்லை. தெருவில் தன் ஆட்களிடம் பேசுவது போலவே முணுமுணுத்தாள். “தோண்டுங்கப்பா. யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. நான் இருக்கேன். நல்லா தோண்டுங்க.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை. காதுக்குள் ‘பட்’டென்று ஏதோ விட்டது. வெதுவெதுவென்று கழுத்தோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. மஞ்சளும் லேசாக ரத்தச் சிவப்பும்.

வாலு போட்ட அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. “அம்மாவோட காது உருகுது!”

சேதி போன வேகத்தில் கண்டக்டர் பணப்பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்து பார்த்தால் மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு துண்டைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக இருக்கிறாள்.

“என்னம்மா ஆச்சு? வலிக்குதா?”

“வலி போயிடுச்சுங்க! சொடக்குப் போடற நேரத்துல போயிடுச்சு!”

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா காதைத் துடைத்துப் பார்த்தாள். “உள்ள அழுத்தம் தாங்காம செவிப்பறை ஒரு சின்ன ஓட்டை விட்டுச் சீழை வெளிய அனுப்பியிருக்கு. அதான் வலி போச்சு. பெரும்பாலும் ஓட்டை தானா மூடிக்கும். மாத்திரையை விடாதீங்க.” பிறகு குறும்பாகச் சிரித்தாள். “பாத்தீங்களா, இந்தப் பள்ளத்துல தண்ணி வந்துடுச்சு.”

“ஆனா ஓட்டை மூடற வரைக்கும் காதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது” என்றும் சொல்லிவைத்தாள்.

“தண்ணிக்காரியப் பாத்துத் தண்ணியே ஆகாதுன்னு சொல்றீங்களே டாக்டர்!”

ஓட்டை மூடிக்கொண்டது. காய்ச்சல் போனது. டொக் டொக் சத்தமும் போனது. எல்லாம் போய் ஒன்றுதான் மிச்சம், அந்தப் பஞ்சு. இடது காதில் யாரோ தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பது மாதிரி எல்லாமே தூரத்தில் கேட்டன. டாக்டரம்மா மறுபடி பார்த்து, “கிருமி இல்ல. நீர் மட்டும் தேங்கியிருக்கு. பொறுங்க” என்றாள்.

பொறுப்பது சுலபமா? தினமும் காலையில் அவள் தன் கம்பியைச் சமையலறைக் குழாயின் தண்டில் வைத்து, இடது காதைச் சாய்ப்பாள். வாலு குழாயை நூல் அளவுக்குத் திறந்துவிடுவாள்.

“கேக்குதாம்மா?”

“இல்லடா.”

“இப்ப?”

“இல்லடா கண்ணு. மூடிடு.”

வலது காதால் கேட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தாள். வலது காதுக்குத் தெரு என்பது தெரியாத பாஷை. சத்தம் வரும், அர்த்தம் வராது. இத்தனை வருஷமாகப் பூமி அவளோடு பேசியது இடது காதில்தான்.

அவள் கம்பியை எடுத்து வைத்த பிறகு கண்டக்டர் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, குழாயை ஸ்பேனரால் ஒரு திருகு திருகிவிட்டுப் போவார். அந்த மனிதருக்கு மனைவியின் காதைச் சரிசெய்யத் தெரியவில்லை. குழாயையாவது சரிசெய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. கொட்டாவி சார் நின்றார். கையில் ஒரு பை ஆப்பிள். முகத்தில் நல்ல சேதி இல்லாதவர்கள் போட்டுக்கொள்கிற புன்னகை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்டக்டர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார். வாலு ஆப்பிளை எண்ணவே ஆரம்பித்துவிட்டாள்.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“உடம்பு நல்லாருக்கு சார். காதுதான்...”

“அதப் பத்தித்தாம்மா பேச வந்தேன்” என்று அவர் தேநீரைக் கீழே வைத்தார். “கட்டணம் கட்டுற கவுண்ட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு. உக்காந்து பாக்கற வேலை. வெயில் இல்ல, மண் இல்ல. நாளைக்குள்ள நான் பேர் கொடுத்தாகணும். உன் பேரைக் கொடுக்கலாம்னு இருக்கேன். உன் நல்லதுக்குத்தாம்மா.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். இரக்கத்தோடு சொன்னார். இரக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது? கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி. காலடியில் தெரு கிடையாது, கையில் கம்பி கிடையாது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள்.

அவள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட சூப்பர்வைசர், கவுண்ட்டர் வேலையின் சிறப்புகளை விவரிக்க ஆரம்பித்தார். கவுண்ட்டரின் வரலாறு வந்தது. பிறகு அதற்கு முன்னால் இருந்த கவுண்ட்டரின் வரலாறு. தான் இளைஞனாக இருந்தபோது கவுண்ட்டரில் வேலை பார்த்த ஒருவரின் ஓய்வுக்காலம். மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும். அவர் குரல் ஒரே சீராக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஓடியது. வாலு ஒரு ஆப்பிளைக் கட்டிப்பிடித்தபடி தூங்கியே போனாள். கண்டக்டர் சுவரில் சாய்ந்தார்.

அத்தனை துக்கத்திலும் அவளுக்கு அது வந்தது. அடக்கிப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். முடியவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, காது மடல்வரை இழுத்து, தாடையே கழன்றுவிடுவது போல ஒரு பெரிய கொட்டாவி விட்டாள்.

‘பளக்’.

இடது காதுக்குள் ஏதோ திறந்தது. அடைத்துக்கிடந்த அந்தச் சின்னக் குழாய் திறந்து, இத்தனை நாள் வெளியே காத்திருந்த காற்று உள்ளே நுழைந்தது. தலையணையை யாரோ எடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசரின் குரல் திடீரென்று பக்கத்தில் வந்தது. மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. வாலுவின் மூக்கு லேசாக விசிலடிப்பது கேட்டது. அதற்கெல்லாம் பின்னால், சமையலறையிலிருந்து...

“டொக்.”

அவள் முகம் வெளுத்தது. மறுபடியுமா? மறுபடி கிருமியா? மறுபடி அந்த ஆட்கள் வந்து தோண்டுகிறார்களா? தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். நாடி படபடவென்று துடித்தது. சமையலறைச் சத்தமோ நிதானமாக, தன்பாட்டுக்கு, அலட்டிக்கொள்ளாமல் விழுந்தது.

“டொக்.”

நாடியோடு சேரவில்லை! இரண்டும் வேறு வேறு! வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். அப்போதும் கேட்டது.

“என்னங்க!” என்று எழுந்தே விட்டாள். “குழாய் சொட்டுது!”

கண்டக்டர் சுவரிலிருந்து திடுக்கிட்டு விழித்தார். அவர் கண்ணில் பழைய பயம் வந்தது. “அம்மா, வேணாம்மா... டாக்டர்கிட்ட போலாம்... அது குழாய் இல்லம்மா...”

“நாடியோட சேரலைங்க! நிஜமாவே சொட்டுது!”

சூப்பர்வைசர் ஜன்னல் திறக்கும் திசையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்தார். நேராகச் சமையலறைக்குள் போனார். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டினார். அவளும் கண்டக்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்கள். குழாயின் உதட்டில் ஒரு துளி திரண்டது. ஆடியது. யோசித்தது. விழுந்தது.

“சொட்டுதும்மா” என்றார் சூப்பர்வைசர். அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

“நான் சரிபண்ணின குழாயா!” கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீங்க சரிபண்ணினதாலதாங்க” என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கொட்டியது. கண்டக்டருக்கு எது என்று புரியவில்லை. அதனால் அவரும் இரண்டையும் செய்தார்.

சத்தத்தில் விழித்த வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். “குழாய் அழுவுதா?”

“ஆமாடா கண்ணு. இந்தத் தடவை நிஜமாவே அழுவுது.”

சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நீண்ட பேச்சு ஒன்று வரப்போகிறது என்று எல்லோரும் தயாரானார்கள். வரவில்லை.

“அந்தக் கவுண்ட்டருக்கு வேற யாரையாவது பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிக் காது டெஸ்ட் பண்ணிட்டு வந்துடும்மா. அந்த மேட்டுத் தெருவுல இன்னும் தண்ணி ஏறல. நாங்க எங்க தேடியும் கசிவு சிக்கல. பால்கனிக்காரர் தினம் போன் பண்றாரு.”

“என்னைத் திட்டறதுக்கா சார்?”

“எப்ப வரும்னு கேக்கறதுக்கு. ‘அந்தப் பாம்புக்காதையே அனுப்புங்க, வேணும்னா வாசலை இன்னொரு தடவைகூடத் தோண்டிக்கட்டும்’ங்கறாரு.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார். முகத்தில் மெல்லிய கூச்சம்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கணும். நான் பேசும்போது நீ கொட்டாவி விட்டியா?”

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

“விட்டேன் சார். நீங்க பேசலைன்னா என் காது இன்னைக்குத் திறந்திருக்காது. ரொம்ப நன்றி சார்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே அவர் படியிறங்கினார். கடைசிப் படியில் அவருடைய செருப்பு தேய்கிற ஓசை வரைக்கும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இரண்டு காதிலும் ஒரே அளவாகக் கேட்டது.